ரவுண்ட் ராக்குக்கு நான் ஏன் வரவில்லை

சலீம்,

உனக்கும் ரிஸ்வானாவுக்கும் ஹனாவுக்கும் என் சலாம். நீங்கள் டெக்சாஸுக்குக் குடிபோய் இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. தினமும் போன் செய்கிறாய். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அதே கேள்விக்கு வந்துவிடுகிறாய்: "உம்மா, டிக்கெட் புக் பண்ணட்டுமா?" நானும் தினமும் ஒரு சாக்குச் சொல்கிறேன். முழங்கால் வலிக்கிறது என்றேன். இங்கே நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் பள்ளிவாசலுக்கு நடந்தே போகலாம், உங்கள் ரவுண்ட் ராக்கில் கார் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது என்றேன். உன் வாப்பாவை அடக்கம் செய்த மண் இங்கேதான் இருக்கிறது என்றேன். இதில் எதுவும் பொய்யில்லை. எதுவும் காரணமும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ரிஸ்வானா வீடியோ காலில் எனக்கென்று ஒதுக்கிய கீழ் அறையைக் காட்டினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தொழுகைப் பாய் விரித்திருந்தாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தியிருந்தாள். "மாமி, நீங்க மாடி ஏறவே வேணாம். கிச்சனும் இங்கயே பக்கத்துல" என்றாள். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்! நான் தலையாட்டினேன். அந்தப் பெண் எனக்குக் கம்பி பொருத்திக் கொடுக்கிறாள், நான் அவளுக்கு என்ன செய்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. இனியும் தெரியாமல் இருக்கக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பேசலாம் என்றால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், நான் அழுதுவிடுவேன், நீ "விடுங்க உம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹனா ஏழு மாதக் குழந்தையாக ஊரிலிருந்து இங்கே வந்து சேர்ந்தாளே, அந்த வாரத்தை நினைத்துப் பார். விமான நிலையத்தில் அவளை என் கையில் வாங்கியதுமே உதட்டைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. நீ பயண அலுப்பு என்றாய். பத்து நாள் கழித்துக் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு சின்ன அறையில் நாம் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா, உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய், தலசீமியா மேஜர் என்று சொல்லிவிட்டு, தாய்க்கும் தகப்பனுக்கும் அதன் லேசான வடிவமான மைனர் இருந்திருக்க வேண்டும், குடும்பத்தில் யாருக்காவது இருப்பது தெரியுமா என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். "உம்மா, நீங்க ஐலண்ட்ல அத்தனை பேருக்கு டெஸ்ட் பண்ணீங்களே. நீங்க எடுத்துக்கிட்டீங்களா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதுப்பா" என்றேன்.

எனக்குத் தெரியும், சலீம். உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோதே தெரியும். உனக்கு அது என்னிடமிருந்துதான் வந்தது.

மாலத்தீவில் நாம் இருந்த பத்து வருஷங்களில் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. இருபது நிமிடத்தில் சுற்றி நடந்துவிடக்கூடிய தீவு. வாப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நான் நான்கு கட்டில் போட்ட சுகாதார நிலையத்தில் நர்ஸ். டாக்டர் வருவார், போவார். பாதி நாட்கள் டாக்டரே இருக்கமாட்டார். பெரிய ஆஸ்பத்திரி வேறொரு தீவில், படகில் இரண்டு மணி நேரம். அறுநூறு பேருக்கும் என்னைத் தெரியும். அவர்கள் ரத்தப் பிரிவு எனக்கு மனப்பாடம். அங்கே நிறையக் குடும்பங்களில் அந்த மைனர் இருந்தது. ஒருவருக்கு மட்டும் இருந்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு மைனர்கள் கல்யாணம் செய்துகொண்டால்தான் பிறக்கிற எந்தக் குழந்தைக்கும் அந்தப் பெரிய நோய் வரலாம். சின்னத் தீவு, சுற்றிச் சுற்றிச் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம். இரண்டு மைனர்கள் சந்திக்காமல் இருப்பதுதான் அங்கே கடினம்.

அலியை நீ மறந்திருக்கமாட்டாய். உன்னைவிட இரண்டு வயது மூத்தவன், உன் தோள் உயரம்தான் இருப்பான். நெற்றியும் கன்ன எலும்பும் புடைத்த முகம். படகுத்துறையில் உட்கார்ந்து கைத்தூண்டிலில் மீன் பிடிக்க உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். மாதம் ஒருமுறை அவனைப் படகில் ஏற்றி ரத்தம் ஏற்றக் கொண்டுபோவோம். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற, வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, சிறிய பம்ப் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்குவான். மருந்து சில மாதம் வரும், சில மாதம் வராது. அவனுடைய அக்கா ஷஹூதா என்னிடம் உதவியாளராக வேலை பார்த்தாள். அவள்தான் அவனுக்கு ஊசி குத்துவாள். குத்திக் குத்தி வயிறு கல் மாதிரி ஆகியிருந்தது. "இன்னிக்கு எந்த இடம்டா?" என்று கேட்டால் அவனே தடவிப் பார்த்து இடம் காட்டுவான்.

அவனுக்குப் பதிமூன்று வயதில் இதயம் கெட்டுப்போனது. அந்த வாரம் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் எந்தப் படகும் புறப்படவில்லை. சுகாதார நிலையத்தில் மூன்றாவது கட்டிலில், சாயங்கால அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில், மூச்சுக்குத் திணறியபடியே போனான். ஷஹூதாதான் அவன் வயிற்றிலிருந்த ஊசியை எடுத்தாள். எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். "போதும்மா, ரத்தம் வராது" என்று நான்தான் அவள் கையை விலக்கினேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த நோய் ஒரு குழந்தையை எப்படித் தின்னும் என்று எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. நான் கிட்ட இருந்து பார்த்தவள்.

அவன் சாவதற்கு இரண்டு வருஷம் முன்பு தலைநகரிலிருந்து ஒரு குழு வந்து தீவிலிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தது. ஊழியர்களும் கொடுத்தோம். முடிவு வந்தபோது என் பெயருக்கு நேரே மைனர் என்றிருந்தது. வாப்பாவுக்கு இல்லை. அதனால் உனக்கு நோய் வரவில்லை. ஆனால் மைனர் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அன்று வாப்பாவிடம் சொன்னேன். "இவன் கல்யாண வயசுக்கு வரும்போது பாத்துக்கலாம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்பதைக் குறித்துக்கொள். மறந்துபோனேன் என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

அலி இறந்து ஒரு வருஷம் கழித்து ஷஹூதாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். பேசினார்கள் என்ன, அவளும் நஸீரும் சின்ன வயதிலிருந்தே ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். நஸீர் மீன்பிடிப் படகில் போகிறவன், அமைதியானவன். அந்தக் குழு வந்தபோது வயது குறைவென்று விடுபட்டிருந்த இரண்டு பேர் ரத்தத்தையும் இப்போது அனுப்பினோம். இரண்டு பேருக்கும் மைனர். முடிவுத் தாளை வாங்கிப் பார்த்த ஷஹூதா கதவைச் சாத்திவிட்டு என் காலடியில் உட்கார்ந்தாள். அவள் திவேஹியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "சிஸ்டர், நாங்க புள்ள பெத்துக்கவே மாட்டோம். ரெண்டு பேரும் பேசிட்டோம். யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க வாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னிக்கு மாட்டோம்பீங்க, ரெண்டு வருஷத்துல மனசு மாறிடும். தெரிஞ்சே ஒரு புள்ளைய வேதனைக்குப் பெத்தீங்கன்னா நாளைக்கு அல்லாஹ்கிட்ட யார் பதில் சொல்றது? அலியை வச்சுப் பாத்தவதானே நீ?" அவள் தம்பியின் பெயரையே அவள்மேல் ஆயுதமாக எடுத்தேன். அன்று சாயங்காலமே அவள் வாப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னிடம் ஒப்படைத்த ரகசியம் அது. நர்ஸாகவும் நான் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும், முஸ்லிமாகவும் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அப்போது என் நியாயத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை. கல்யாணம் நின்றது. நஸீர் ஏதோ ஒரு சுற்றுலா விடுதித் தீவுக்கு வேலைக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. ஷஹூதாவை வேறொரு தீவில், மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

அதற்குப்பிறகு நான் பள்ளிக்கூட மண்டபத்தில் பெண்களைக் கூட்டிப் பேசினேன். கல்யாணத்துக்கு முன்னால் உடம்பில் உள்ளதை மறைப்பது மோசடி, மார்க்கம் அதை அனுமதிக்கவில்லை, பிறக்கப்போகிற குழந்தைக்கும் நம்மேல் உரிமை இருக்கிறது என்றேன். நீ பின்வரிசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வரும்போது, "உம்மா, நீங்க நல்லா பேசுனீங்க" என்றாய். எனக்கு அது பெரிய பரிசாக இருந்தது. நான் பேசியது எல்லாம் சரி, சலீம். இன்றும் அது சரிதான். சொன்னவள்தான் சரியில்லை.

எனக்கு நியூ ஜெர்சியில் நர்ஸ் வேலை கிடைத்து நாம் இங்கே வந்தபோது உனக்குப் பதிமூன்று. தீவு, அலி, ஷஹூதா எல்லாம் பின்னால் போய்விட்டது. முதியோர் இல்லத்தில் டபுள் ஷிப்ட், வாப்பாவுக்குக் கடை வேலை, உன் படிப்பு. நீ காலேஜில் ரத்ததான முகாமுக்குப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாய். "என் பிளட் வேணாம்னுட்டாங்க உம்மா. ஹீமோகுளோபின் லோவாம்." அடுப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்த வினாடியே புரிந்துவிட்டது. "கீரை சாப்பிடு, எல்லாம் சரியாயிடும்" என்றேன். அன்று சொல்லியிருந்தால் உனக்கு இருபது வயதில் தெரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்துவிட்டேன். உன் முகத்தில் ஒரு குறையை என் கையாலேயே எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஷஹூதாவின் முகத்தில் எழுத எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

ரிஸ்வானா வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தபோது நீயே கேட்டாய். கார் ஓட்டிக்கொண்டிருந்தாய், ரூட் ஒன்னில் சிக்னலுக்கு நின்றிருந்தோம். "உம்மா, அந்த ஐலண்ட்ல கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுப்பாங்கள்ல, நாங்களும் எடுக்கணுமா?" எவ்வளவு இலகுவாகக் கதவைத் திறந்துவிட்டாய். "அது அந்த ஊர்க்காரங்களுக்கு உள்ளது. நமக்கு எதுக்கு?" என்றேன். சிக்னல் விழுந்தது, நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நான் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்: இவனுக்கு இருந்தாலும் பெண்ணுக்கு இருக்கப்போவதில்லை, நம் ஊரில் யாருக்கு இருக்கிறது? நம் ஊரும் ஒரு தீவு மாதிரிதான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. நாலு தெருவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வாங்குகிறவர்கள் நாம்.

வாப்பாவும் நானும் இதைப் பற்றி ஒருமுறை பேசினோம். "அவங்க கேட்டா சொல்லு. கேக்காததை நீயா போய்ச் சொல்லி, வம்சத்துலயே வியாதின்னு ஊர் பேசவா?" என்றார். மவுத்தாகிப்போன மனிதர்மேல் பழியைப் போடமாட்டேன். ஏனென்றால் அவர்கள் கேட்டார்கள். நிச்சயத்தன்று பெண் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு ரிஸ்வானாவின் உம்மா என்னை உள்ளறைக்கு அழைத்துப்போய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ராத்தா, ஒரு பொம்பளப் புள்ளைய கடல் தாண்டி அனுப்புறோம். தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"அல்ஹம்துலில்லாஹ், என் புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல" என்றேன்.

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித்தான் பொய் சொன்னேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வாயில் இனிப்பை ஊட்டினார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். விசா இழுத்தடித்தது, ரிஸ்வானா ஊரிலேயே கர்ப்பமானாள், ஊரிலேயே பெற்றாள். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னாள். அப்போதும் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. "மாத்திரையை ஒழுங்கா போடும்மா" என்றேன். போனை வைத்துவிட்டு இரண்டு ரக்அத் தொழுதேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று துஆ செய்தேன். செய்ய வேண்டியதைச் செய்யாமல் அல்லாஹ்விடம் கையேந்துவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மருத்துவமனையில் உன்னிடம் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தபிறகும் நான் நிறுத்தவில்லை. ஒரு மாதம் கழித்து, ஹனாவுக்கு இரண்டாவது முறை ரத்தம் ஏற்றிவிட்டு வந்த அன்று, நீ ஆபீஸ் காலில் இருந்தாய். ரிஸ்வானா அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமி, ஒண்ணு கேக்கவா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவங்களக் கட்டியிருக்க மாட்டேனேன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு. அப்படி நெனச்சதுக்கு அல்லாஹ் என்னைக் குத்தம் பிடிப்பானா?"

குற்றவாளியிடமே வந்து பாவமன்னிப்புக் கேட்டாள், பார். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். "நடக்கணும்னு எழுதியிருந்தா யாரால தடுக்க முடியும்? பொறுமையா இரும்மா" என்றேன். விதி உண்டு, அதை நான் நம்புகிறேன். ஆனால் அன்று விதியைக் கூப்பிட்டு எனக்கு முன்னால் நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மகனே, யாராவது துக்கத்தில் நிற்கும்போது "எல்லாம் அவன் நாட்டம்" என்று நீ சொல்ல நேர்ந்தால், சொல்வதற்கு முன் உன் கையை ஒருமுறை பார்த்துக்கொள். அதில் ஒன்றும் இல்லை என்றால் சொல்.

மூன்று வருஷமாக ஹனாவின் கையைப் பிடித்து அழுத்தி வைக்கிற வேலை என்னுடையது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை. நரம்பு கிடைக்காது. ஊசி குத்தாதே என்று அவள் "நோ போக், நோ போக்" எனக் கத்தும்போது நர்ஸ்கள் என்னைப் பாராட்டுவார்கள், நான் எவ்வளவு நிதானமாக இருக்கிறேன் என்று. இங்கே மருந்து தவறாமல் வருகிறது. பம்ப் இல்லை, ஜூஸில் கரைக்கிற மாத்திரை இருக்கிறது. அலிக்குக் கிடைக்காத எல்லாம் இவளுக்குக் கிடைக்கிறது, இவள் நெடுங்காலம் வாழ்வாள் என்கிறார்கள். இன்ஷா அல்லாஹ். ஆனால் வாழ்கிற ஒவ்வொரு மாதமும் இப்படித்தான். ஒருமுறை ஊசி குத்தி முடித்தபிறகு அவள் என் மடியில் சாய்ந்து, என் உள்ளங்கையில் முத்தம் கொடுத்தாள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை.

போன வருஷம் வாப்பாவும் போனபிறகு, இதை அறிந்த உயிர் உலகத்தில் நான் ஒருத்திதான் என்றானது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஷஹூதாவைத் தேடினேன். ஃபேஸ்புக்கில் தீவுக்காரர் ஒருவர் மூலம் நம்பர் கிடைத்தது. இப்போது அவளே ஒரு சுகாதார நிலையத்தில் பொறுப்பில் இருக்கிறாள். கல்யாணம் செய்யப்போகிற பிள்ளைகளை உட்கார வைத்துப் பரிசோதனை பற்றிப் பேசுகிறாள். இரண்டு பிள்ளைகள், ஆரோக்கியமாக இருக்கிறார்கள். என் குரலைக் கேட்டதும், "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கூவினாள். உன்னை விசாரித்தாள். "சலீம் எவ்வளவு உயரம்?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் ரத்தம், உன் கல்யாணம், ஹனா. சொல்லி முடித்து, "உனக்கு ஒரு நியாயம், என் மகனுக்கு ஒரு நியாயம்னு நடந்துட்டேன். என்னை மன்னிச்சிடு" என்றேன்.

"உங்களுக்கும் மைனர்னு அப்ப உங்களுக்குத் தெரியுமா, சிஸ்டர்?" என்றாள்.

"தெரியும்."

"எங்க வாப்பாகிட்ட போய்ச் சொன்னீங்களே, அன்னிக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"நஸீரை விட்டது எனக்கு லேசு இல்ல. அவர் முகம் மறக்க எத்தனையோ வருஷம் ஆச்சு. சிஸ்டர் எங்க நல்லதுக்குத்தான் செஞ்சாங்க, அவங்க நேர்மையானவங்கன்னு நெனச்சுத்தான் தேறுனேன். நான் இன்னிக்கு இந்தப் புள்ளைங்ககிட்ட பேசுறதெல்லாம் நீங்க பேசுனதுதான்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "இதை ஏன் எனக்குச் சொன்னீங்க? உங்க பாரத்தை எறக்கி வைக்க நான்தான் கெடச்சேனா?"

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆள் வந்திருக்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டாள். அதற்குப்பிறகு நான் அழைத்தால் எடுப்பதில்லை.

அவள் கேட்டது என்னை ஒரு வருஷம் கட்டிப்போட்டது. உங்களுக்குச் சொல்வதும் என் பாரத்தை இறக்கத்தானோ? பேசாமல் இப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால் உங்களுக்காவது நிம்மதி இருக்குமே? அப்படியே இருந்துவிடுவோம் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் டெக்சாஸுக்குப் போவதற்கு முந்தின வாரம் ரிஸ்வானா சொன்னது அதையும் முறித்துவிட்டது. இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று நீங்கள் யோசிப்பதைச் சொன்னாள். ஹனாவுக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்கக் கூடப்பிறந்த ஒன்று வேண்டும், ஆனால் அதற்கும் இதே நோய் வந்துவிட்டால்? வயிற்றிலேயே பரிசோதித்துப் பார்த்தால் அதற்கப்புறம் மார்க்கம் என்ன சொல்கிறது? இப்படியெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்களோ அதான் மாமி. உங்க பேச்சை நான் தட்டமாட்டேன்" என்றாள்.

ஒரு காலத்தில் அந்தத் தீவில் எது ஆகும், எது ஆகாது என்று அறுநூறு பேருக்குத் தீர்ப்பு சொன்னவள் நான். இவளுக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். மார்க்கச் சட்டத்தோடு மருத்துவமும் தெரிந்த ஆலிமைப் பாருங்கள், டாக்டரைப் பாருங்கள், பிறகு நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முடிவில் என் பெயர் எங்கேயும் இருக்கக்கூடாது. அவள் என்னை நல்லவள் என்று நம்பி ஓர் உயிரைப் பற்றி முடிவெடுக்க விடமுடியாது என்பதால்தான் இந்தக் கடிதம். என் பாரம் இதனால் இறங்கப்போவதில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, சலீம். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், நீ அப்படிப்பட்டவன். ஆனால் முதலில் கேட்கவேண்டியது உன்னிடம் இல்லை. அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவன் நாடினால் மன்னிப்பான். ஒரு மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தார்கள். எனக்கு மன்னிப்புத் தரவேண்டியவளுக்கு மூன்றரை வயது. அவளுக்கு விவரம் தெரியும்போது நான் இருக்கமாட்டேன். இருந்தாலும், கேட்டவுடன் கொடுக்கவேண்டிய விஷயமும் இல்லை இது. இதற்கு ஒரு வழி இருக்கும் என்று எல்லாப் பக்கமும் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. அவள் வளர்ந்து, எனக்கு ஏன் இப்படி என்று கேட்கும் நாளில், உள்ளதை உள்ளபடி சொல்லு. வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ளப்போகிறவளுக்கு அதுவாவது கிடைக்கட்டும்.

அந்த அறைக்கு நான் வரமாட்டேன். இது கோபத்தில் சொல்வதில்லை, ரோஷத்தில் சொல்வதும் இல்லை. ரிஸ்வானா எனக்குத் தட்டில் சோறு வைக்கும்போது நான் அதைத் தின்ன முடியாது. அவள் இதைத் தெரிந்துகொண்டபிறகு வைக்கவும் வேண்டியதில்லை. எனக்கு இங்கே இரண்டு அறை வீடு இருக்கிறது, கீழ்வீட்டு ஆன்ட்டி தினமும் எட்டிப் பார்க்கிறார், மருந்து வாசலுக்கே வருகிறது. என்னைப் பற்றி யோசிக்காதே.

கடைசியாக ஒன்று. இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும், நான் பெற்ற பிள்ளை நீ. ரிஸ்வானாவுக்குத் தெரியவேண்டாம், குடும்பம் உடைந்துவிடும், உம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றும். கடிதத்தை எங்காவது வைத்துப் பூட்டலாம் என்று நினைப்பாய். அதனால் அவளுக்கு ஒரு கடிதம், அவள் உம்மாவுக்கு ஒரு கடிதம், இரண்டையும் தனித்தனியாக எழுதி நான்கு நாளைக்கு முன்னாலேயே தபாலில் சேர்த்துவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது ரிஸ்வானா அவளுடையதைப் படித்து முடித்திருப்பாள். சில நாளாக அவள் ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று நீ கேட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

அவளிடம் போ. அழுதால் பக்கத்தில் இரு. கத்தினால் கேட்டுக்கொள். எனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசிவிடாதே.

உம்மா